உங்கள் நாயை நீங்களே குளிப்பாட்டுங்கள்

என்னிடம் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டில் நாய் முடி ஒட்டியிருக்கிறது என்று யாராவது சண்டைக்கு வந்தால், நான் வாயைத் திறக்காமல் பக்கத்துக் கடையைக் கை காட்டுவேன். கடலூர் செம்மண்டலத்தில் மெயின் ரோட்டைப் பார்த்த கட்டடம், ரெண்டு ஷட்டர். ஒன்றில் நான், பொன்னி லேடீஸ் டெய்லர். இன்னொன்றில் செல்போன் ரிப்பேர் பார்த்தவன் காலி செய்துகொண்டு போனதும் எழிலன் வந்தான். சுவரெல்லாம் டைல்ஸ் ஒட்டினான், பைப் இழுத்தான். ஒரு நாள் மினி லாரியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு எவர்சில்வர் தொட்டி வந்து இறங்கியது. கல்யாணத்துக்குச் சாம்பார் வைக்கிற தொட்டியா தம்பி என்று கேட்டேன். நாய் குளிக்கிறதுக்கு என்றான். பட்டுத்துணி தைக்கிற கடைக்குப் பக்கத்தில் நாய்க் குளியலா என்று கட்டடக்காரரிடம் போய்க் கத்திவிட்டு வந்தேன். ரெண்டு கடை வாடகையும் வந்தால் போதும் என்று இருக்கிற ஆள் அவர், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எழிலன் மரியாதை தெரிந்த பிள்ளை. நான் கத்தியது தெரிந்தும் மறுநாள் ஒரு டீயை வாங்கிக்கொண்டு வந்து என் மிஷின் பக்கத்தில் வைத்தான்.

"கோச்சுக்காதீங்கக்கா. பெங்களூர்ல கம்பெனில இருந்தப்ப பாத்தேன். நாய் வச்சிருக்கவங்க அவுங்களே வந்து, தொட்டில ஏத்தி, பட்டனத் தட்டி, அவுங்களே குளிப்பாட்டிட்டுப் போவாங்க. தண்ணி, ஷாம்பு, சூடான காத்து, எல்லாம் வரிசையா வரும். நம்ம வேல தொட்டியக் கழுவி வைக்கிறது மட்டுந்தான்."

"நாய நீ தொட வேணாமா?"

"தொடவே வேணாம்க்கா. அதுக்காகத்தான் இந்தத் தொழிலப் புடிச்சேன்."

அது ஏன் அவனுக்கு அத்தனை முக்கியம் என்று அவன் அம்மா செல்லாயி அக்காவோடு பழகிய பிறகுதான் எனக்கு விளங்கியது. அக்காவுக்கு ஊர் திட்டக்குடிப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பண்ணை வீட்டில் சாணி அள்ளி, மாடு கழுவி, அந்த வீட்டு நாய் வாந்தி எடுத்தாலும் கூப்பிட்டால் போய் அள்ளிப் போட்டவள். புருஷன் செத்ததும் பையனை இழுத்துக்கொண்டு கடலூருக்கு வந்துவிட்டாள். ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து கூட்டிப் பெருக்கி அவனை இன்ஜினீயரிங் படிக்க வைத்தாள். பெங்களூரில் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது இவனையும் அனுப்பிவிட்டார்கள். சிதம்பரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தான், சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அப்புறம்தான் இந்தக் கடை. இனிமேல் எங்கள் வீட்டு ஆள் யாரும் அடுத்தவன் வீட்டு நாயைக் கழுவக் கூடாது என்று அவன் ஒரு வைராக்கியம் வைத்திருந்தான். அதைத்தான் பெரிய எழுத்தில் போர்டாக எழுதி மாட்டினான்: உங்கள் நாயை நீங்களே குளிப்பாட்டுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் போர்டைப் படித்து எந்தக் காலத்தில் நடந்திருக்கிறார்கள். காலையில் கடையைத் திறந்து வைத்துவிட்டு எழிலன் பாலிடெக்னிக் வேலைக்குச் சிதம்பரம் பஸ் ஏறிவிடுவான். பகல் முழுக்கச் செல்லாயி அக்கா மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். முதல் மாதம் ஈ ஓட்டினாள். சனிக்கிழமை என்று ஒரு புருஷன் பெண்டாட்டி அவர்களுடைய பொமரேனியனுக்கு நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய்ப் பொட்டலத்தோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டு என் கடை வாசல் வரைக்கும் எண்ணெய்த் தண்ணி. இன்னொருத்தர் நேர்ந்துவிட்ட ஆட்டைக் குளிப்பாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். தானே குளிப்பாட்ட வந்தவர்கள் என்று பார்த்தால் அந்த ஜோடியும் இந்த ஆட்டுக்காரரும்தான்.

ஒரு கத்திரி வெயில் நாளில் நெய்வேலியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ராஜமாணிக்கம் என்கிறவர் காரில் அல்சேஷன் நாயைக் கொண்டுவந்தார். காரை விட்டு இறங்கி, சங்கிலியை அக்கா பக்கம் நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"நீங்கதான் சார் குளிப்பாட்டணும். போர்டு வச்சிருக்குது பாருங்க."

"ஏம்மா, குளிப்பாட்டத் தெரிஞ்சா நான் எதுக்கு இங்க வரேன். எங்க வீட்ல தண்ணி வரலியா?"

"ஓனரு சொல்லியிருக்காரு சார். நாங்க தொடக் கூடாது."

"சரி விடு. நாக்குட்டிக்குக் கொடுத்து வைக்கல." அவர் நாயை இழுத்துக்கொண்டு காருக்குத் திரும்பினார். நாய் வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கால் மாற்றி மாற்றி வைத்தது. ரோடு அப்படிக் கொதித்தது. அக்கா ஒரு நிமிஷம் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். "கொண்டாங்க சார்" என்று சங்கிலியை வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு அவர் போன பிறகு நான் கேட்டேன். "எழிலனுக்குத் தெரிஞ்சா என்னாக்கா ஆவறது?"

"தெரிய வேணாம். நீ வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு பொன்னி. கட இப்பிடியே கெடந்தா இன்னும் ரெண்டு மாசத்துல இழுத்து மூடிருவான். மூடிட்டு எங்க போயி நிப்பான்?"

"அவருகிட்ட யாரோ மாதிரி ஓனரு ஓனருங்கிறியே. எம் புள்ள கடைன்னு சொன்னா என்னா?"

"ஓனரோட அம்மாவே நாய் கழுவுறான்னா கடைக்கு மரியாத இருக்குமா?"

சும்மா இருக்கிற வாய் இல்லை என் வாய். ஆனாலும் இருந்தேன். ராஜமாணிக்கம் நாலு பேரிடம் சொல்ல, அந்த நாலு பேர் நாலு பேரிடம் சொல்ல, கடைக்கு முன்னால் கார் நிற்க ஆரம்பித்தது. அக்கா தண்ணியைத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்ப்பாள். முதுகில் ஊற்றி, வயிற்றுக்கு வந்து, கடைசியில் முகம். காதுக்குப் பஞ்சு. கால் இடுக்கில் உண்ணி இருந்தால் பிடுங்கிப் பினாயில் தண்ணியில் போடுவாள். சூடான காற்று அடிக்கிற மிஷினைக் கண்டால் நாய்கள் அலறும், அப்போது துண்டைத் தலைமேல் போர்த்தி அணைத்துக்கொள்வாள். அது ஒரு உதறு உதறும், அக்கா தலையோடு குளித்துவிடுவாள். உள்ளங்கையெல்லாம் வெளுத்துச் சுருங்கி, விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள். பாத்திரம் கழுவுற சோப்ப மாத்திட்டேன் அதான் என்று பையனிடம் சொன்னாளாம்.

காசு நேராக எழிலன் போனுக்குப் போகும். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே அவன் முகம் மலர்ந்திருக்கும். "பாத்தியாம்மா, ஜனங்க கத்துக்கிட்டாங்க. நம்ம ஊர்ல நடக்காதுன்னு எத்தினி பேரு சொன்னாங்க" என்பான். அக்கா ஆமாம்ப்பா என்பாள். நான் மிஷினை வேகமாக ஓட்டுவேன். ஒரு வாத்தியாருக்குக் கண் குருடா என்று எனக்கு அப்போதே சந்தேகம்தான். அம்மா புடவை தினமும் சாயங்காலம் ஈரமாக இருப்பதும், வீட்டுக்குள் நாய் வாசம் அடிப்பதும் தெரியாமலா போகும். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று ஒருத்தன் இருந்துவிட்டால் தெரியாதுதான்.

ஆனி மாதத்தில் கிள்ளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் அனுப்பிரியா சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை. அப்பா ராபர்ட் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா ஜெயராணி. நம்ம ஜனம்தான், அவர்கள் சர்ச்சுக்கும் போவார்கள், கோயில் கூழுக்கும் வருவார்கள். பெண் பார்க்க எழிலனோடு அவன் பெரியப்பா அய்யனாரும் பெரியம்மாவும் போனார்கள். செல்லாயி அக்கா போகவில்லை. எங்கள் பக்கத்தில் தாலி அறுத்தவள் முதல் தடவை பெண் பார்க்கப் போய் நிற்க மாட்டாள். நான் திட்டினேன். எந்தக் காலத்தில் இருக்கிறாய் என்றேன்.

"வெறுங்கழுத்தோட போயி மொத மொத அந்தப் பொண்ணு முன்னால நிக்க எனக்கு மனசு வரல பொன்னி. நிச்சயத்துக்குப் போறேன். அப்ப ஆசீர்வாதம் பண்ணித்தான ஆவணும்."

பெண் பிடித்துப்போயிற்று. ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று பேசி வைத்தார்கள். அக்கா என்னிடம் ஒரு பட்டுப்புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள். இடுப்பில் ஒரு சுற்று இளைத்திருந்தாள்.

ஆனி முடியப்போகிற சமயம். ராபர்ட் சாருக்குக் கடலூரில் கண் காட்ட வேண்டியிருந்ததாம். காரில் குடும்பத்தோடு கிளம்பியவர் சிதம்பரத்தில் எழிலனையும் ஏற்றிக்கொண்டிருக்கிறார், மாப்பிள்ளை கடையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. எழிலன் வழியெல்லாம் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறான். தண்ணி படக் கூடாதென்று அவள் என் கடை மேசையில் வைத்திருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா அல்சேஷனுக்கு அடி வயிற்றில் நுரை தேய்த்துக்கொண்டிருந்தாள். கை ஈரம், அப்பறம் பாத்துக்கறேன் என்றாள். நானாவது எடுத்திருக்கலாம், ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

கார் வந்து நின்றதும் நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். எழிலன் முன்னால் இறங்கினான். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு மறக்கவில்லை. பின்னால் ராபர்ட், ஜெயராணி, அந்தப் பெண். எழிலன் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, "உள்ள வாங்க மாமா, இதான்" என்று திரும்பினான். தொட்டிக்கு முன்னால் அவன் அம்மா. புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, தலையெல்லாம் நுரை, நாயின் பின்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ராஜமாணிக்கம் ஃபேனுக்கு அடியில் பேப்பர் படித்துக்கொண்டே, "அந்தத் தொட இடுக்குல நல்லாத் தேய்ம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா நிமிர்ந்தாள். பையனைப் பார்த்தாள், அவனுக்குப் பின்னால் வந்தவர்களைப் பார்த்தாள். ஒரே நொடியில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"வாங்க சார்" என்றாள் பெற்ற பிள்ளையைப் பார்த்து. "ஓனர் சார் வந்துட்டாரு. உக்காருங்க எல்லாரும். இது முடிஞ்சிடும் இப்ப."

எழிலன் நின்றான். இப்போது சொல்லிவிடுவான், இதோ சொல்லிவிடுவான் என்று கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வாய் திறந்தது. "ம்" என்றான்.

ராஜமாணிக்கம் எழுந்து கை கொடுத்தார். "நீங்கதான் ஓனரா? நல்ல ஆளாப் போட்டிருக்கீங்க தம்பி. விட்டுறாதீங்க இந்தம்மாவ."

ஜெயராணி கேட்டாள். "வேலைக்கி ஆள் வச்சிருக்கீங்களா தம்பி? அவுங்களே குளிப்பாட்டுவாங்கன்னு சொன்னீங்க."

"ஆமாங்கத்த. இவுங்க... பார்ட் டைம்."

"அம்மா வீட்ல இருக்காங்களா? வந்ததுக்கு ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிடுறோம்."

"அம்மா ஊருக்குப் போயிருக்காங்க. திட்டக்குடிக்கு."

அந்தப் பெண் தொட்டிப் பக்கம் போய் நாயின் நெற்றியைத் தடவிக்கொடுத்தது. "உங்க பேரு என்னாம்மா?" என்று அக்காவைக் கேட்டது. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையின் அம்மா பேர் போயிருக்குமே. அக்கா கொஞ்சமும் தடுமாறவில்லை. "கொளஞ்சியம்மாள் பாப்பா" என்றாள். அது செத்துப்போன அவள் அக்கா பேர்.

நாய் உதறியது. தண்ணி தெறித்து வாசலில் கிடந்த எழிலன் ஷூ நனைந்தது. அக்கா போய்க் குனிந்து, முந்தானையால் துடைத்து ஓரமாக வைத்தாள். எழிலன் எங்கேயோ சுவரைப் பார்த்துக்கொண்டு, "டீ வாங்கிட்டு வாங்க" என்றான். அம்மாவை வா போ என்றே பேசிப் பழகியவன். அவள் போய் டீ வாங்கிக்கொண்டு வந்து, ஒவ்வொருத்தருக்கும் நீட்டினாள். அவனுக்கும் நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட் கையைப் பிரித்துப் போட்டேன். கார் கிளம்பிப் போனதும் எழிலன் கண் ஆஸ்பத்திரிக்கு அவர்களோடேயே போய்விட்டான். சாயங்காலம் திரும்பி வந்து கடைக்குள் போகாமல் வாசலில் நின்றான். அக்கா தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நல்ல பொண்ணுப்பா. நாய்க்கிட்ட பயமில்லாம வந்துது" என்றாள்.

"எத்தினி நாளா இது?"

"மொதல்லேந்துதான்."

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"சொன்னா விடுவியா நீ?"

அவன் தன்னையே திட்டிக் காறித் துப்பியிருந்தால் கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். திரும்பி வீட்டுக்குப் போனான்.

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நல்ல காரியம் எதுவும் பேச மாட்டார்கள், சும்மா காத்திருக்கிற மாதம். காற்று வேறு, பக்கத்துக் கடை முடி முழுக்க என் கடையில். எழிலன் ஒரு ஆளை வேலைக்கு வைத்தான், அந்த ஆள் நாய் கடிக்க வந்ததென்று ஓடிவிட்டான். மறுபடி அக்காதான். இப்போது மறைக்க ஒன்றுமில்லை. எழிலன் லீவு நாளில் தானும் இறங்கிக் கழுவினான். அம்மாவும் பிள்ளையும் ஒரே நாயை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கழுவுவார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ராபர்ட் சார் போன் பண்ணுவார். சர்ச் முடிந்து வருகிற நேரம். எழிலன் வாசலுக்கு வந்து பேசுவான், என் காதில் விழும். சௌகரியம் எல்லாம் விசாரித்துவிட்டு அவர் கடைசியில் ஒன்று கேட்பார் போல. இவன் பதில் மட்டும் கேட்கும். "இன்னும் வர்லீங்க மாமா. ஊர்லதான் இருக்காங்க." போனை வைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பான். உள்ளே அக்கா தண்ணியைத் திறந்துவிட்டுக்கொண்டிருப்பாள்.

ஆடி கடைசியில் திட்டக்குடியிலிருந்து பெரியப்பா அய்யனார் வந்தார். நிச்சயத்துக்கு யார் யார் போவது, தட்டு எத்தனை என்று பேச. அக்கா அவருக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அளவு பார்க்க ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன்.

"நான் வரல மாமா. நீங்களும் அக்காவும் முன்ன நின்னு முடிச்சிக் குடுங்க" என்றாள் அக்கா.

அய்யனாருக்கு விஷயம் தெரியும். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அதுவும் சரிதான். மூஞ்சியப் பாத்துட்டாங்களே. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிப்புடலாம். கல்யாணம் முடிஞ்ச பெறகு மெதுவா சொல்லிக்கலாம்."

"கல்யாணத்துக்கு?" என்றேன் நான்.

"என்னாத்தா?"

"நிச்சயத்துக்கு ஒடம்பு சரியில்ல. கல்யாணத்துக்கு என்னா சொல்லுவீங்க, செத்துப்போயிட்டாங்கன்னா?"

"நீ சும்மா இரு பொன்னி" என்றாள் அக்கா.

"சும்மா இருந்து இருந்துதான்க்கா இந்த லட்சணம். பெத்தவ உயிரோட இருக்கா, புள்ளைக்கி நிச்சயம், அவ இங்க ஒக்காந்து எவன் வீட்டு நாய்க்கோ உண்ணி எடுப்பா. ஏன்டா எழிலா, உனக்குச் சோறு எறங்குதா?"

அவன் தட்டில் கை வைத்தபடி இருந்தான். "எறங்கலக்கா" என்றான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் போயி சொல்லிடுறேம்மா" என்றான்.

அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "எதச் சொல்லுவ? எங்கம்மா நாய் கழுவுறா, நான் பாத்துக்கிட்டு நின்னேன்னா? சம்பந்தம் நிக்குமா? நான் வராட்டிப் போறேன். நீ நல்லா இருந்தா போதும். வாயத் தெறந்தன்னா நான் இந்த வீட்லயே இருக்க மாட்டேன்."

"நீ வராத நிச்சயம் எனக்கு எதுக்கும்மா."

"அத அன்னைக்கே நெனச்சிருக்கணும்டா" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததும் அவளே பயந்துபோய் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் எழிலன் வேலைக்குப் போகாமல் நேராகக் கிள்ளைக்குப் போனான். திரும்பி வந்தவன் வீட்டுக்குப் போகாமல் என் கடையில் வந்து உட்கார்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"சொல்லிட்டியா?"

"சொன்னேன்க்கா."

"என்னா சொன்னாங்க?"

"அவுங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் குனிந்தபடியே சொன்னான். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் அதே நெற்றி, அதே மூக்கு, பார்த்தவுடனே சந்தேகம் என்றாராம் ராபர்ட். ஜெயராணிக்கு, அக்கா அந்த ஷூவைத் துடைத்தபோது சந்தேகமே போய்விட்டதாம். கூலிக்கு வேலை செய்கிறவள் எவளும் முந்தானையால் செருப்பைத் துடைக்க மாட்டாள் தம்பி என்றாளாம். கண் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதெல்லாம் இவன் சொல்லிவிடுவான் என்று மூன்று பேரும் காத்திருந்திருக்கிறார்கள்.

"அப்ப ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போன் பண்ணி அம்மா வந்துட்டாங்களான்னு கேட்டாரே."

"அதான்க்கா. எனக்கு வழி விட்டுருக்காரு. இன்னைக்கி சொல்லுவாரு, அடுத்த வாரம் சொல்லுவாருன்னு அந்தப் பொண்ணும் பக்கத்துல ஒக்காந்து கேக்குமாம். நான் ஒவ்வொரு தடவையும் ஊர்ல இருக்காங்கன்னேன். எங்கம்மா பின்னால நாய்க்குத் தண்ணி ஊத்துறது அவுங்களுக்கு போன்ல கேட்டிருக்கு." அவன் ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "மண்ணுக்குள்ள போயிடலாம் போல இருந்துதுக்கா."

"பொண்ணு என்னா சொல்லிச்சி?"

"எதுவும் சொல்லல. யோசிக்கணும்ன்னுட்டு உள்ள போயிடுச்சி."

அக்காவிடம் நான்தான் சொன்னேன். தெரிந்துகொண்டேதான் அந்தப் பெண் உங்க பேரு என்னாம்மா என்று கேட்டிருக்கிறது, தெரிந்துகொண்டேதான் டீயை வாங்கியிருக்கிறார்கள் என்பது அவளுக்குள் ஒவ்வொன்றாக இறங்கியது. "பேரக் கூட மாத்திச் சொன்னனே பொன்னி" என்றாள். அப்புறம், "நாளைக்கி என்கூடக் கிள்ளைக்கி வரியா" என்றாள்.

"நீயா? வெறுங்கழுத்து, முன்னால நிக்க மாட்டேன்னியே."

"நான் போயி நின்னாத்தான் என் புள்ளைக்கி விடியும். வா."

எழிலனிடம் சொல்லாமல்தான் கிளம்பினோம். சிதம்பரத்தில் பஸ் மாறினோம். வழியில் அக்கா பழமும் பூவும் வாங்கலாமா என்று கேட்டாள், பிறகு வேண்டாம் என்றாள், பிறகு இறங்கப்போகிற நேரத்தில் பழம் மட்டும் வாங்கினாள். நான் தைத்துக் கொடுத்த அந்த ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். கிள்ளையில் இறங்கினால் உப்புக் காற்று, இறால் பண்ணை வாசம். வீடு கேட்டுக்கொண்டு போனோம்.

ஜெயராணி வாசலிலேயே பார்த்துவிட்டாள். ஓடி வந்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்கண்ணி" என்றாள். ராபர்ட் சார் எழுந்து நின்றார். யாரும் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. வெயில், பஸ், கண் ஆபரேஷன் என்று பேசினார்கள். ஜெயராணி இலை போட்டாள். இறால் தொக்கு, மீன் குழம்பு.

"பேசி முடிக்காம எப்பிடிக் கை நனைக்கிறது" என்றாள் அக்கா.

"சம்பந்தி வீடுன்னு நெனைக்காதீங்க. பசிக்கி வந்த எடம்ன்னு நெனைங்க. கம்பெனில எறா உரிச்சி உரிச்சித்தான் நான் இவளப் படிக்க வச்சேன். இந்தக் கையப் பாருங்க, இன்னும் வாசம் போவல. நமக்குள்ள என்னாண்ணி இருக்குது."

அக்கா சாப்பிட்டாள். நான் நன்றாகவே சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்ததும் அக்கா உட்காரவில்லை. அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் நின்றாள்.

"பாப்பா, என் பேரு செல்லாயி. அன்னைக்கிப் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்மா. ஒக்காருங்க."

"இல்ல, சொல்லிடுறேன். மொதல்ல சார்ன்னு கூப்ட்டது நானு. அவன் வாயத் தெறக்கறதுக்கு முன்ன நான் கூப்ட்டுட்டேன். அவனுக்குத் தலகுனிவு வந்துடக் கூடாதுன்னு. தப்பு பூரா எம் மேலதான். அவன் நல்ல புள்ள. இன்னைக்கி வரைக்கும் ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. இத மனசுல வச்சிக்கிட்டு அவன வேணாம்ன்னுடாத."

அனுப்பிரியா எழுந்து அக்காவைத் தோளில் பிடித்து உட்கார வைத்தது. குரல் உயரவே இல்லை.

"ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா. நீங்க பெத்தவங்க, கூப்ட்டீங்க. அவுரு ம்ன்னாரே. சரி, பதட்டம், அப்ப வாய் வர்ல. டீ வாங்கிட்டு வாங்கன்னாரே. நீங்க வாங்கியாந்து நீட்டுனீங்க. அவுரும் குடிச்சாரு, நானும் குடிச்சேன். எனக்கு அது இன்னும் தொண்டையிலேயே நிக்கிது."

"பயந்துட்டாம்மா."

"ஆமா, பயந்துட்டாரு. அதுக்கப்பறம் ஆடி மாசம் பூரா அப்பா கேட்டாரு. ஒவ்வொரு வாரமும் யோசிச்சித்தான ஊர்ல இருக்காங்கன்னு சொன்னாரு. நாளைக்கி நானும் அவுரு பயப்புடுற எடத்துல நிக்க வேண்டி வரும்மா. எங்கம்மா கைல வாசம் அடிக்கும். அவரோட வேல செய்யிறவங்க வீட்டுக்கு வருவாங்க. அப்ப எங்கள யாருன்னு சொல்லுவாரு?"

ராபர்ட் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயராணி அழுதாள். எனக்கு எழிலனுக்காக ரெண்டு வார்த்தை பேச வேண்டும் போல இருந்தது, அவன் எனக்குத் தினமும் டீ வாங்கித் தருகிறவன். எவ்வளவு தேடியும் பேச்சு வரவில்லை. அக்கா அந்தப் பெண்ணின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடக்குப் போட்டுவிட்டு எழுந்தாள். கிளம்பும்போது ஜெயராணி ஒரு டப்பாவில் இறால் தொக்கு போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்றால் விடவில்லை.

திரும்புகிற வழியில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஆலப்பாக்கம் தாண்டியதும் எழிலனிடமிருந்து போன். நான்தான் எடுத்தேன். கடை பூட்டியிருக்கிறது, அம்மா எங்கே என்று பதறினான். சொன்னேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். சட்டையெல்லாம் ஈரம், நாய் முடி. வந்த கார்களைத் திருப்பி அனுப்பாமல் அவனே கழுவியிருக்கிறான்.

அம்மா கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். "எதுக்கும்மா போன? என்னா சொன்னாங்க?"

"சாப்பாடு போட்டாங்க. மரியாதையா நடத்துனாங்க."

"அந்தப் பொண்ணு?"

ஒரு பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்தது, மூன்று பேரும் ஒதுங்கி நின்றோம்.

"ஒன்ன வேணாம்ன்னுடிச்சி. நாளைக்கி என்னையும் யாரோன்னு சொல்லுவாருன்னு பயமா இருக்குதுன்னு சொல்லிச்சி."

அவன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"நீ என்னாம்மா சொன்ன?"

"நான் என்னாத்தச் சொல்றது எழிலு. அது சொன்னது சரிதான்னு வந்துட்டேன்."